திடீரெனக் கிளம்பி செட்டிநாட்டுச் சிற்பங்களைப் பார்க்க: இரண்டு நாளுக்கான முழுமையான வழிகாட்டி

வியாழக்கிழமை இரவு முடிவெடுத்து, சனிக்கிழமை காலை காரைக்குடியில் நிற்கப்போகிறவருக்காக இதை எழுதுகிறேன். செட்டிநாட்டில் சிற்பம் ஒரே கட்டடத்துக்குள் அடுக்கி வைக்கப்படவில்லை. பாறையைக் குடைந்து செய்த குடைவரைக் கோவில், செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் கோவில் தூண், வீட்டு வாசல் நிலைச்சட்டம், முகப்பில் இருக்கும் சுதை (சுண்ணாம்புச் சாந்துச் சிற்பம்), ஐயனார் கோவில் மண்குதிரை, பக்கத்திலேயே புதுக்கோட்டை அருங்காட்சியகம் என்று பரந்து கிடக்கிறது. ஒவ்வொன்றும் திறக்கும் நேரம் வேறு, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற வெளிச்சம் வேறு.

புதிதாக வருகிறவர்கள் ஊர்களைச் சரியாகவே தேர்ந்தெடுக்கிறார்கள். வரிசையில்தான் தவறுகிறார்கள். மதியம் பன்னிரண்டரைக்குத் திருமயத்தில் பூட்டிய கதவுக்கு முன் நிற்பவர்களை அடிக்கடி பார்க்கலாம். கோவில்கள் சாத்தியிருக்கும் அந்த நான்கு மணி நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டால், மீதி எல்லாம் தானாக அமைந்துவிடும்.

1. முதலில் கிழமையைப் பாருங்கள்

புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமையும் விடுமுறை. தேசிய விடுமுறை நாட்களிலும் திறக்காது. அதனால் சனி, ஞாயிறு பயணத்தில் அருங்காட்சியகம் ஞாயிறன்று வர வேண்டும். கீழே நான் தரும் வரிசை அப்படித்தான் அமைந்திருக்கிறது.

வெள்ளி, சனி போகிறீர்கள், அந்தச் சனி இரண்டாவது சனி என்றால் இரண்டு நாளும் அருங்காட்சியகம் கிடையாது. அப்படிப்பட்ட வாரத்தில் பயணத்தை ஒரு நாள் தள்ளிவைப்பது நல்லது.

அடுத்தது திருவிழா. விநாயகர் சதுர்த்தியை ஒட்டிய நாட்களில் பிள்ளையார்பட்டியிலும், தைப்பூசம், பங்குனி உத்திரத்தில் குன்றக்குடியிலும் சிற்பத்தை நின்று பார்க்க முடியாது. சாமி கும்பிடப் போகிறவர்களுக்கு அது நல்ல நாள், சிற்பம் பார்ப்பவர்களுக்கு அல்ல. முகூர்த்த நாட்களில் பெரிய வீடுகளில் கல்யாணம் நடக்கும். வீடு திறந்திருந்தாலும் உள்ளே போய்ப் பார்க்கக் கேட்பது முறையாக இருக்காது.

2. இறங்குவது காரைக்குடியில், திரும்ப ஏறுவது திருச்சியில்

போன ஊருக்கே திரும்பி வந்து ரயில் ஏற வேண்டும் என்று நினைத்து, காரைக்குடிக்கே போக வர டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். வரைபடத்தைப் பாருங்கள். காரைக்குடி, திருமயம், நமணசமுத்திரம், புதுக்கோட்டை, சித்தன்னவாசல், திருச்சி எல்லாம் தெற்கிலிருந்து வடக்காக ஏறக்குறைய ஒரே தடத்தில் இருக்கின்றன. இரண்டாம் நாள் மாலை சித்தன்னவாசலில் இருப்பவர் காரைக்குடிக்குத் திரும்புவது வீண் அலைச்சல். திருச்சிக்குப் போனால் எல்லா ஊருக்கும் வண்டி கிடைக்கும்.

சென்னையிலிருந்து பிற்பகலில் கிளம்பும் பல்லவன் ரயில் இரவில் காரைக்குடி வந்துவிடும். அதில் உட்காரும் இருக்கைகள்தான். ஒரு இரவு காரைக்குடியில் தூங்கி எழுந்து, காலை ஆறு மணிக்கே கிளம்ப முடிவதுதான் இதில் உள்ள லாபம். இரவு ராமேஸ்வரம் வண்டியில் வந்து விடியற்காலை இறங்குவதும் சரிதான். ஆனால் தூக்கம் கெட்ட கண்ணோடு குடைவரை பார்க்க வேண்டியிருக்கும்.

கடைசி நேரம் என்பதால் பெரும்பாலும் தட்கல்தான். பயணத்துக்கு முந்தைய நாள் ஏசி வகுப்புக்குக் காலை 10 மணிக்கும், மற்ற வகுப்புக்கு 11 மணிக்கும் திறக்கும். கணக்கில் ஆதார் இணைத்திருக்கிறீர்களா என்று முதல் நாளே பாருங்கள். 10 மணிக்கு அதைச் செய்ய ஆரம்பித்தால் இடம் போய்விடும்.

மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாக வருகிறவர்கள் நேராகக் காரைக்குடிக்கு வந்துவிட்டுப் பிறகு பிள்ளையார்பட்டிக்குத் திரும்புகிறார்கள். பிள்ளையார்பட்டி வழியிலேயே வருகிறது. பையோடு அங்கேயே இறங்கிவிடலாம்.

3. கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

தங்கும் இடத்துக்குப் போன் செய்யும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள். தெரிந்த வண்டி ஓட்டுநர் இருக்கிறாரா? எந்தெந்த வீடுகளை இப்போது உள்ளே விட்டுக் காட்டுகிறார்கள்? வீடுகள் தனியார் சொத்து. இந்த மாதம் திறந்திருக்கும் வீடு அடுத்த மாதம் பூட்டியிருக்கும். ஊர்க்காரர் சொல்வதை நம்புங்கள், இணையத்தில் இருக்கும் பழைய பட்டியலை நம்பாதீர்கள்.

ஓட்டுநரிடம் முதலிலேயே, "அண்ணே, ரெண்டாம் நாள் திருச்சியில இறக்கிவிடணும்" என்று சொல்லிவிடுங்கள். வண்டி காலியாகத் திரும்பும் கிலோமீட்டருக்கும் சேர்த்துத்தான் வாடகை பேசுவார்கள். அதைக் கடைசியில் பேசினால் சங்கடம்.

பையில் சின்ன டார்ச் ஒன்று, கிடைத்தால் தொலைநோக்கி ஒன்று, பழைய காலுறை ஒரு ஜோடி, பத்து இருபது ரூபாய்ச் சில்லறை, தண்ணீர். காலுறை எதற்கு என்றால், பதினோரு மணிக்கு மேல் பிராகாரக் கல்லில் வெறுங்காலோடு நிற்க முடியாது. கால் சுட்டால் கண் நிலைக்காது, ஓடிப்போய்விடுவோம். தொலைநோக்கி கோபுரச் சுதைக்கும் வீட்டு முகப்புக்கும். இரண்டும் தலைக்கு மேலே வெகு உயரத்தில் இருக்கின்றன.

4. முதல் நாள் காலை: பிள்ளையார்பட்டி, குன்றக்குடி

கோவில் திறந்ததும் பிள்ளையார்பட்டியில் இருங்கள். காரைக்குடியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். ஒன்பது மணிக்கு மேல் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், சன்னதி முன் சில நொடிதான் கிடைக்கும்.

அந்தச் சில நொடியில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாறையிலேயே வெட்டிய புடைப்புச் சிற்பம் இது. நாம் பழகிய பிள்ளையாருக்கு நான்கு கை, இவருக்கு இரண்டே கை. பாசமும் அங்குசமும் இல்லை. துதிக்கை வலப்பக்கம் சுழிகிறது. வடக்குப் பார்த்து அமர்ந்திருக்கிறார். கவசம் சாத்தியிருந்தால் இவற்றில் பாதி தெரியாது. அலங்காரம் இல்லாத நேரம் எது என்று அர்ச்சகரிடம் கேட்டால் சொல்வார்.

உள்ளே படம் எடுக்க முயலாதீர்கள். கைபேசியை வெளியே எடுத்ததும் கவனம் அதற்குப் போய்விடும், கிடைத்த நொடியும் வீணாகும்.

அங்கிருந்து சில கிலோமீட்டரில் குன்றக்குடி. எல்லோரும் மலைமேல் முருகனைப் பார்க்கப் படியேறிவிடுகிறார்கள். சிற்பம் பார்க்க வந்தவர் முதலில் அடிவாரத்துக் குடைவரைகளுக்குப் போக வேண்டும். கூட்டம் குறைந்த சன்னதிகளில் காலைப் பூசை முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள். மலைக்கோவில் எங்கும் போகாது.

நேரம் மிச்சம் இருந்தால் பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்தில் வைரவன்பட்டி. நகரத்தார் கோவில்கள் ஒன்பதில் ஒன்று. தூண் சிற்பங்களுக்காகவே போகலாம். காலையில் பார்த்த குடைவரையில் உருவம் பாறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இங்கே உருவம் தூணைவிட்டு வெளியே வந்து நிற்கிறது. இரண்டையும் ஒரே காலையில் பார்ப்பதுதான் இந்த வரிசையின் நோக்கம்.

5. மதியம்: சாப்பாடு, ஆத்தங்குடி

பன்னிரண்டரைக்குக் காரைக்குடியில் இலைச் சாப்பாடு. நன்றாகச் சாப்பிடுங்கள், ஆனால் இரண்டு மணிக்குள் எழுந்துவிடுங்கள்.

கோவில்கள் சாத்தியிருக்கும் நேரத்துக்கு ஆத்தங்குடியை வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே இரண்டு வேலை. கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் பெரிய வீடு ஒன்று, தரைக்கல் செய்யும் பட்டறை ஒன்று. ஞாயிற்றுக்கிழமை வேலை நடக்குமா என்று பட்டறையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமையை இதற்கு ஒதுக்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பட்டறைக்கு முதலில் போங்கள், வீட்டுக்குப் பிறகு. கண்ணாடித் தகட்டின்மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் அச்சை வைத்து, சிமெண்டில் கரைத்த வண்ணத்தைக் கட்டம் கட்டமாக ஊற்றுவார்கள். அச்சை எடுத்ததும் மேலே உலர்ந்த மணல் சிமெண்ட் கலவையைத் தூவி, அதற்கு மேல் ஈரக்கலவையை நிரப்பி மட்டம் செய்வார்கள். பிறகு தண்ணீரில் ஊறவிடுவார்கள். சூளைக்குப் போவதில்லை. கண்ணாடியை ஒட்டிய அடிப்பக்கம்தான் கடைசியில் மேற்பக்கமாகிறது. அந்த வழவழப்பு கண்ணாடியிலிருந்து வந்தது. இதைக் கண்ணால் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனால், தரையில் ஒவ்வொரு கல்லிலும் கோடு கொஞ்சம் மாறியிருப்பது தெரியும்.

வீட்டுக்குள் போனதும் எல்லோரும் வளவுக்கு, அதாவது நடு முற்றத்துக்கு, ஓடுகிறார்கள். வாசல் நிலையிலேயே நில்லுங்கள். செட்டிநாட்டு மரச்சிற்பத்தின் உச்சம் அங்கேதான். நிலையின் மேல் சட்டத்தில் நடுவே கஜலட்சுமி இருக்கும். அதன் இரு பக்கமும் கீழே இறங்கும் கொடி, கிளி, அன்னம், யாளி என்று கண்ணை மெதுவாக இறக்கிக்கொண்டு வாருங்கள். பர்மா தேக்கில் உளி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராக அடித்தால் நிழல் விழாது, செதுக்கல் தட்டையாகத் தெரியும். வெளிச்சம் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்பது கல்லுக்கும் மரத்துக்கும் பொது. டார்ச் அடிக்கும் முன் காட்டுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

6. மாலை: கானாடுகாத்தான் முகப்புகள்

நாலரை மணிக்குக் கானாடுகாத்தானில் வண்டியை நிறுத்திவிட்டு நடங்கள். காரில் இருந்தபடி பார்த்தால் மதில்தான் தெரியும்.

இங்கே ஒரு விஷயம் தெரியாமல் பலர் குழம்புகிறார்கள். வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முன்வாசல் ஒரு தெருவில், பின்கட்டு வாசல் மறு தெருவில். நீங்கள் நடக்கும் தெரு வெறும் சுவராக இருந்தால் அது பின்பக்கம். பக்கத்துத் தெருவுக்குத் திரும்புங்கள்.

மேற்குப் பார்த்த முகப்புகளை மாலையில் பார்க்க வேண்டும், கிழக்குப் பார்த்தவற்றைக் காலையில். தாழ்ந்த வெயிலில்தான் சுதையின் புடைப்பு தெரியும். கைப்பிடிச் சுவருக்கு மேலே பாருங்கள். யானைகளோடு லட்சுமி, சீருடை போட்ட சிப்பாய், குதிரைவீரன் எல்லாம் ஒரே வரிசையில் இருப்பார்கள். சுதை என்பது செங்கல்லின் மேல் சுண்ணாம்புச் சாந்தால் கையாலும் கரண்டியாலும் எழுப்புவது. கல்லில் வெட்டி எடுக்கிறார்கள், சுதையில் சேர்த்துச் சேர்த்து வளர்க்கிறார்கள். அதனால்தான் உடை மடிப்பும் மீசையும் அவ்வளவு தாராளமாக வருகின்றன. வண்ணம் புதிதாக இருப்பதால் சிற்பமும் புதிது என்று நினைத்துவிடக் கூடாது. மேலே மேலே பூசிக்கொண்டு வருவது வழக்கம்.

இங்கே இருக்கும் செட்டிநாடு அரண்மனையை வெளியிலிருந்து பார்த்தால் போதும், உள்ளே பொதுவாக அனுமதி இல்லை. மற்ற வீடுகளில் திண்ணை வரை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதைத் தாண்டும் முன், "ஆச்சி, வளவு வரைக்கும் பாத்துட்டு வரலாமா?" என்று கேளுங்கள். சரி என்றால் செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போங்கள். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். இந்த வீடுகளில் இன்னும் சாமி கும்பிடுகிறார்கள், குடும்பத்துச் சடங்குகள் நடக்கின்றன. பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் திறந்து காட்டினால் அவர் கையில் நூறு ரூபாய் கொடுப்பது முறை.

7. இரண்டாம் நாள் காலை: திருமயம்

அறையைக் காலி செய்து, பையை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடத்துக்கு நேரம் தாராளமாகக் கொடுக்க முடியும் என்றால் அது திருமயம்தான்.

வெயில் ஏறும் முன் கோட்டை ஏறிவிடலாம் என்று எல்லோரும் முதலில் மேலே போகிறார்கள். இறங்கி வரும்போது கோவில் சாத்திவிடுகிறது. கோவில் முதலில், கோட்டை பிறகு. கோட்டை மதியத்திலும் திறந்திருக்கும், தொல்லியல் துறைக் கட்டணம் உண்டு.

ஒரே பாறையின் அடியில் சிவனுக்கு ஒரு குடைவரை, பெருமாளுக்கு ஒரு குடைவரை. சத்தியகிரீஸ்வரர் கோவிலுக்கு முதலில் போங்கள். குன்றக்குடியில் சொன்ன அதே காரணம்தான். உள்ளே லிங்கத்துக்கு நேர் எதிர்ச்சுவரில் லிங்கோத்பவர், அதாவது லிங்கத்திலிருந்து வெளிப்படும் சிவன். பெரும்பாலான கோவில்களில் கருவறையின் பின்சுவர்க் கோட்டத்தில் சின்னதாகப் பார்க்கும் லிங்கோத்பவர், இங்கே ஆள் உயரத்துக்கும் மேல் எழுந்து நிற்கிறார். லிங்கத்தைக் கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பி வெளியே போகிறவர்கள் இதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். குருக்களிடம் கேளுங்கள், விளக்கைக் காட்டுவார்.

அடுத்து சத்தியமூர்த்திப் பெருமாள் கோவில். குடைவரையில் அரவணையில் பள்ளிகொண்ட பெருமாள், பாறை முழுக்க நீண்டு கிடக்கிறார். முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பின்சுவரில் தேவர்களும் முனிவர்களும் கூடியிருக்கிறார்கள். காலடிப் பக்கம் மது, கைடபன் என்ற அசுரர்கள் ஓடுகிறார்கள். ஆதிசேஷன் அவர்கள்மேல் நஞ்சைக் கக்குகிறான். பெருமாள் அசையாமல் தூங்கிக்கொண்டிருக்க, சுற்றிலும் ஒரு சண்டையே நடக்கிறது. தலைப்பக்கம் தொடங்கிக் கால்பக்கம் வரை வரிசையாகப் பார்த்தால்தான் அந்தக் கதை பிடிபடும்.

8. வழியில் நமணசமுத்திரம்

திருமயத்துக்கும் புதுக்கோட்டைக்கும் இடையில் வரும் இந்தப் பகுதியில், நேர்த்திக்கடனாக வைத்த மண்குதிரைகள் நிறைந்த ஐயனார் கோவில் இருக்கிறது. ஊரில் கேட்டால் வழி சொல்வார்கள். அரைமணி போதும்.

உடைந்து சாய்ந்து கிடக்கும் குதிரைகளைத் தூக்கி நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இங்கே பழையது மண்ணாகப் போவதும் புதியது வந்து நிற்பதும் வழிபாட்டின் பகுதி. சுட்ட மண் கைபட்டாலே உதிரும்.

9. மதியம்: புதுக்கோட்டை அருங்காட்சியகம்

திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. பதினொன்றரைக்குள் வந்துவிட்டால் அருங்காட்சியகத்தை விட்டுவிட்டு முதலில் பக்கத்திலிருக்கும் கோகர்ணேஸ்வரர் கோவிலுக்குப் போய்வாருங்கள். பாறையில் வெட்டிய ஏழு கன்னியரையும் மண்டப விதானத்து ராமாயண ஓவியங்களையும் பார்க்கலாம். கோவில் சாத்திவிடும், அருங்காட்சியகம் மாலை வரை திறந்திருக்கும்.

1910-இல் தொடங்கிய அருங்காட்சியகம் இது. பாடம் செய்த விலங்குகள், கனிமங்கள், நாணயங்கள், ஆயுதங்கள் என்று எல்லாம் உண்டு. வாசலில் தொடங்கி ஒன்று விடாமல் பார்க்கிறவர்கள் சிற்பத்துக்கு வரும்போது களைத்துவிடுகிறார்கள். முதலில் கற்சிற்பங்கள், பிறகு செப்புத்திருமேனிகள், கால் வலிக்காவிட்டால் மற்றவை.

தளங்களைப் பார்த்த பிறகு இங்கே வரச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோவிலில் நெருங்கிப் பார்க்க முடியாததை இங்கே ஒரு முழம் தள்ளி நின்று பார்க்கலாம். காலம் பழகிக்கொள்ள இரண்டு அடையாளம் சொல்கிறேன். பெருமாளின் சங்கு சக்கரத்தில் தீச்சுடர் இருக்கிறதா, சக்கரம் விளிம்பு காட்டி நிற்கிறதா, முகம் காட்டி நிற்கிறதா என்று பாருங்கள். சுடர் இல்லாமல் விளிம்பு காட்டுவது பொதுவாகப் பழையது. அடுத்து பூணூல். அது வலக்கையின் மேலேறிப் போனால் அதுவும் முற்காலப் பாணி. இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் கண் பழக இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. காலையில் திருமயத்தில் பார்த்ததை நினைவில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

செப்புத்திருமேனியை முன்னாலிருந்து பார்த்தால் போதாது. பெட்டியின் பக்கவாட்டுக்குப் போய் இடுப்பு வளைவையும், முடிந்தால் தலையின் பின்பக்கத்தில் வட்டமாக இருக்கும் சிரச்சக்கரத்தையும் பாருங்கள்.

10. பிற்பகல்: சித்தன்னவாசல்

இரண்டரைக்குப் புதுக்கோட்டையை விட்டுக் கிளம்பிவிடுங்கள். சுமார் 16 கிலோமீட்டர்தான். ஆனால் மாலை ஐந்தை ஒட்டிச் சாத்திவிடுவார்கள்.

அறிவர் கோவில் என்ற சமணக் குடைவரை குன்றின் மேற்குச் சரிவில் இருக்கிறது. பிற்பகல் வெளிச்சம் உள்ளே வரும், ஓவியத்துக்கு அது உதவி. எனவே அறிவர் கோவில் முதலில். குன்றின் மறுபக்கம் ஏறிப் பார்க்கும் ஏழடிப்பட்டத்துச் சமணப் படுக்கைகள் (துறவிகளுக்காகப் பாறையில் வெட்டியவை), நேரமும் காலும் இருந்தால்.

விதானத்தில் தாமரைக் குளம். மங்கிப்போயிருக்கிறது, உள்ளே போனதும் ஒன்றும் தெரியாது. இரண்டு நிமிடம் பேசாமல் நின்றால் கண் பழகி மீன், பறவை, யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள் என்று ஒவ்வொன்றாகத் தெரிய வரும். இங்கே டார்ச், பிளாஷ் இரண்டும் கூடாது. வண்ணம் தாங்காது. பிறகு தூண்களில் ஓவியமாக ஆடும் மகளிர். அப்புறம் சிற்பங்கள்: முன்மண்டபச் சுவரில் பாம்புக்குடையின் கீழ் சமணத் தீர்த்தங்கரர் பார்சுவநாதர், கருவறையில் மூன்று உருவங்கள். ஓவியத்துக்குப் புகழ் அதிகம் என்பதால் இந்தச் சிற்பங்களை யாரும் நின்று பார்ப்பதில்லை.

இங்கிருந்து திருச்சி ஒன்றரை மணி நேரத்துக்குள். ஏழரைக்கு முன்னால் இருக்கும் ரயிலைப் பதிவு செய்யாதீர்கள்.

11. பழம்பொருள் வாங்க ஆசைப்பட்டால்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. முதல் நாள் இரவு உணவுக்கு முன் ஒரு சுற்று வரலாம். இடித்த வீடுகளிலிருந்து வந்த மரத்துண்டுகளை அருகில் பார்க்க நல்ல இடம்.

எனாமல் பாத்திரம், பித்தளைச் சாமான், பழைய அச்சுப் படம் என்றால் தைரியமாக வாங்குங்கள். கல் சிலையும் செப்புத்திருமேனியும் வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டைக் கடந்த சிற்பத்தை விற்க உரிமம் வேண்டும், வாங்கியவர் பதிவு செய்ய வேண்டும், வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவே முடியாது. எந்தக் கோவிலிலிருந்து பெயர்த்தது என்று தெரியாத ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்வதும் சரியில்லை. மரச்சிற்பம் வாங்கினால் ரசீதில் பொருளின் விவரத்தை எழுதி வாங்குங்கள்.

12. ஒரே நாள்தான் கிடைத்தது என்றால்

இரண்டு நாளையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். சிற்பம்தான் நோக்கம் என்றால் இரண்டாம் நாள் வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வீடுகளுக்கு இன்னொரு தடவை வரலாம். அந்த ஒரு நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தால், அருங்காட்சியகத்துக்குப் பதில் குடுமியான்மலை. மண்டபத் தூண்களில் ஆள் உயரச் சிற்பங்கள் இருக்கின்றன. அதுவும் கோவில், மதியம் சாத்துவார்கள். அதனால் காலையில் திருமயம், மதியம் அங்கேயே கோட்டை, பிற்பகல் சித்தன்னவாசல், மாலையில் கோவில் திறந்தபின் குடுமியான்மலை என்று மாற்றிக்கொள்ளுங்கள்.